ஜாய்ஸ்டிக்கின் உள்ளுறுப்புகளுக்குப் பெயர்: வெள்ளிக்கிழமை அச்சு

செந்தூலிலிருந்து, வகுப்புப் பயிற்றுநர்

அனைவருக்கும் வணக்கம். ஆர்கேட் பெட்டியின் (காசு போட்டு ஆடும் வீடியோ விளையாட்டுப் பெட்டி) ஜாய்ஸ்டிக்கைப் பழுதுபார்க்கும் பாடக்குறிப்பு வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. ஐந்துக்குத் தமிழ்ப் பெயர் வேண்டும்: ஜாய்ஸ்டிக், மைக்ரோசுவிட்ச் (அமுக்கினால் சொடுக்கும் சிறு சுவிட்ச்), ஆக்சுவேட்டர் (அந்தச் சுவிட்சை அமுக்கும் பாகம்), கேட் (தண்டின் சாய்வுக்கு எல்லை வைக்கும் அடிப்பாகம்), ஈ கிளிப் (தண்டைக் கவ்வி நிற்கும், ஆங்கில E வடிவ உலோகத் துண்டு). தனியாகப் பார்க்க அழகாக இருந்தால் போதாது, கீழே உள்ள வரிகளுக்குள் உட்கார வேண்டும். சன்வா நிறுவனத்தின் ஜேஎல்எஃப் என்ற ஜாய்ஸ்டிக் வகையை வைத்து எழுதியது:

"மின்சாரத்தைத் துண்டித்து, ஐந்து கம்பிச் செருகியைக் கழற்றவும். தண்டின் அடிநுனிப் பள்ளத்தில் தட்டைத் திருப்புளியை வைத்துத் தண்டு சுழலாமல் பிடித்துக்கொண்டு, மேலே உள்ள 35 மி.மீ. உருண்டையை இடப்புறமாகத் திருகி எடுக்கவும். கேட்டின் கொக்கிகளை அமுக்கி அதை விடுவிக்கவும். அடுத்து, நான்கு மைக்ரோசுவிட்ச் பதித்த பலகை கையோடு வரும். ஆக்சுவேட்டரை ஸ்பிரிங்குக்கு எதிராக அழுத்தியபடி ஈ கிளிப்பை நெம்பவும். மறுகையால் மூடிக்கொள்ளாவிட்டால் அது தெறித்து ஓடும்."

பட்டர்வொர்த்திலிருந்து, தமிழாசிரியர்

ஐயா, ஜாய்ஸ்டிக்குக்கு 'இயக்குகோல்' என்று வையுங்கள். வினைத்தொகை, ஆகவே ஒற்று மிகாது. 'இயக்குக்கோல்' என்று அச்சாகிவிட வேண்டாம். ஆங்கிலச் சொல் 1910 வாக்கில் விமானிகளின் பேச்சில் புழங்கத் தொடங்கியது. அதிலுள்ள மகிழ்ச்சியை நாம் சுமக்க வேண்டியதில்லை.

கோல் என்றதும் மரக்குச்சியை நினைப்பவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். குறளில் சீர்தூக்கும் கோல் தராசு. வழுக்கு நிலத்தில் தாங்குவது ஊற்றுக்கோல். திறவுகோல், அளவுகோல், எழுதுகோல், செங்கோல் என எதை எடுத்தாலும், பிடித்த கையின் எண்ணம் மறுமுனையில் செயலாகிறது. இந்தக் கருவி செய்வதும் அதுவே.

மற்றவை: நுண்விசை, உந்தி, வரம்புச்சட்டம், கவ்வுவளையம்.

பிரிக்ஃபீல்ட்ஸிலிருந்து, மொழிபெயர்ப்பாளர்

ஐயா சொன்ன இயக்குகோலும் வரம்புச்சட்டமும் அருமை. தண்டு எவ்வளவு தூரம் சாயலாம் என்று வரம்பிடுவதுதான் அந்தச் சட்டத்தின் வேலை. 'கேட்' என்று விட்டால் நம் ஊரில் வீட்டு வாசல் கேட்தான் நினைவுக்கு வரும்.

நுண்விசையை மட்டும் ஏற்க முடியவில்லை. "விசை தளர்ந்தால் மாற்றவும்" என்று படிக்கும் பிள்ளை எதை மாற்றுவார்? சுருள்வில்லின் இழுவிசையும் விசை, சுவிட்சும் விசை, விசைப்பலகையில் இருப்பதும் விசை. உந்தி என்றால் இலக்கியம் படித்தவருக்குக் கொப்பூழ். சுவிட்ச் நம் வீட்டுச் சுவரில் உள்ள சொல். மலாயும் 'சுயிஸ்' என்றே எடுத்துக்கொண்டு நிம்மதியாக இருக்கிறது.

பாயான் லெப்பாஸிலிருந்து, மின்னணுத் தொழில்நுட்பர்

வணக்கம். ஆக்சுவேட்டர் என்பது தண்டைச் சுற்றிய பிளாஸ்டிக் உருளை. சாயும்போது பக்கத்தில் உள்ள சுவிட்சை அமுக்கும். ஆகவே 'அமுக்குருளை'. பெயரைக் கேட்டதும் எது என்று கை தேடிப் போக வேண்டும்.

இதைவிடப் பெரிய சிக்கல் ஒன்று இருக்கிறது. வரைவின் இரண்டாம் பக்கத்தில் 'மேல் சுவிட்ச்' என்று எழுதியிருக்கிறீர்கள். தண்டு நடுவில் ஊன்றிச் சாய்கிறது. பிடியை மேல்பக்கம் தள்ளினால் அடிமுனை கீழ்ப்பக்கம் போகும், கீழ்ப்பக்கச் சுவிட்ச்தான் அமுங்கும். 'மேல் சுவிட்ச்' என்றால் மாணவர் நல்ல சுவிட்சைப் பிடுங்கிவிடுவார். 'மேல்திசைச் சுவிட்ச்' என்று எழுதி, அது கீழ்ப்பக்கம் இருக்கும் என்று ஒரு வரி சேருங்கள்.

இன்னொன்று, மூன்று முனை உள்ள அமெரிக்க வகைச் சுவிட்சுக்கு 'இயல்பில் திறந்தது, இயல்பில் மூடியது' என்று எழுதியிருக்கிறீர்கள். ஆங்கிலத்தை அப்படியே பெயர்த்தது இது. தமிழில் குழாயைத் திறந்தால் தண்ணீர் வரும், ஆனால் திறந்த சுற்றில் மின்சாரம் வராது. இந்த ஒரு சொல்லால் கம்பியைத் தவறான முனையில் மாட்டினால், யாரும் தொடாதபோதே திரையில் உள்ள விளையாட்டுப் பாத்திரம் அந்தப் பக்கம் ஓடும். பிடியைத் தள்ளினால் நிற்கும். 'விலகுமுனை, ஒட்டுமுனை' என்று வைத்தால் குழப்பமே இல்லை. மல்டிமீட்டரைத் தொடர்ச்சிச் சோதனையில் வைத்துப் பொதுமுனையையும் விலகுமுனையையும் தொட்டால், அமுக்கும்போது மட்டும் ஒலி வர வேண்டும்.

பட்டர்வொர்த்திலிருந்து

விலகுமுனை, ஒட்டுமுனை இரண்டும் பொன்னான சொற்கள். மனமார ஏற்கிறேன். அமுக்குருளையும் புணர்ச்சியில் சரி. குற்றியலுகரம் கெட்டு உயிர் ஏறியிருக்கிறது.

விசை குழப்பும் என்றால் 'நுண்ணாளி'. இலங்கைப் பாடநூல்களில் சுவிட்சுக்கு ஆளி என்ற சொல் ஏற்கெனவே உண்டு. ஆள்வது ஆளி. மின்னோட்டத்தை ஆள்வது என்று பொருள் தெளிவாக நிற்கிறது. பக்கத்தில் வளமான தமிழ்ச்சொல் இருக்க, கடன் எதற்கு?

பிரிக்ஃபீல்ட்ஸிலிருந்து

ஐயா, சங்கப் பாட்டில் ஆளி யானையை வீழ்த்தும் விலங்கு. கடைக்காரரிடம் ஆளி என்றால் ஆளி விதை தருவார். சூழல் தெளிவாக்கும் என்பீர்கள். ஆனால் இந்த வகுப்புப் பிள்ளை கையில் பட்டியலோடு ஜாலான் பாசார் உதிரிபாகக் கடைக்குப் போவார். அங்கே 'மைக்ரோசுவிட்ச்' என்றால்தான் பொருள் கைக்கு வரும். வாங்க வேண்டிய பொருளுக்குக் கடையில் செல்லும் பெயர் இருக்கட்டும், வாங்காத கருத்துகளுக்குத் தமிழில் புதிதாக ஆக்குவோம்.

பாயான் லெப்பாஸிலிருந்து

அம்மா சொன்ன பிரிவினை எனக்குச் சரி. அப்படியானால் ஈ கிளிப்பும் கடைச்சொல்லாகவே இருக்கலாம். 'ஈ வளையம்' வேண்டாம். அது ஆங்கில எழுத்தின் வடிவம், நம் ஈ அப்படி இருக்காது.

பழுது அட்டவணைக்கு: ஒரு திசை மட்டும் செத்தால் சுவிட்ச் அல்லது அதன் கம்பி. நான்கும் ஒன்றாகச் செத்தால் பொதுக்கம்பியோ செருகியோ. அமுக்குருளை தேய்ந்தால் பிடியை அதிகம் சாய்த்த பிறகே சுவிட்ச் சொடுக்கும். மூலைத்திசைகள் மட்டும் வராவிட்டால் முதலில் வரம்புச்சட்டத்தைப் பாருங்கள். சதுரச் சட்டத்தை 45 பாகை திருப்பிப் பொருத்தியிருந்தால் அது நான்கு திசைக்கானது. ஊன்றும் இடத்தில் அரிசியளவு வெள்ளை லித்தியம் கிரீஸ் போதும். சுவிட்சின் மேல் ஒரு துளியும் படக்கூடாது. துருநீக்கித் தெளிப்பான் வேண்டாம், இருக்கும் கிரீஸையும் கழுவிவிடும்.

செந்தூலிலிருந்து

மிக்க நன்றி. அச்சுக்குப் போவது: இயக்குகோல், வரம்புச்சட்டம், அமுக்குருளை, விலகுமுனை, ஒட்டுமுனை, மேல்திசைச் சுவிட்ச். மைக்ரோசுவிட்சும் ஈ கிளிப்பும் அப்படியே. மூவர் ஒரு பக்கம், ஐயா ஒரு பக்கம்.

பட்டர்வொர்த்திலிருந்து

பெரும்பான்மைக்குக் கட்டுப்படுகிறேன், உடன்படவில்லை. கடைக்காரர் சொன்னால்தான் சொல் என்றால் கடையில் ஒருநாளும் தமிழ் நுழையாது. படத்தின் கீழே சிறிய எழுத்திலாவது 'நுண்ணாளி', 'கவ்வுவளையம்' இரண்டையும் போடுங்கள். அடுத்த பதிப்பில் மீண்டும் கேட்பேன்.