ஃபோர்ட் கொச்சியில் நடைச் சுற்றுலா போனவர்கள் சொல்லுங்கள், எது மனதை விட்டுப் போகவில்லை?

கொழிஞ்சாம்பாறைக்காரன்:
ஆபீஸ் நண்பர்களோடு கைடு வைத்துப் போனேன். சீனவலை, பிரான்சிஸ் தேவாலயம், வாஸ்கோ ட காமா கல்லறை எல்லாம் உங்களுக்கே தெரியும், அதை விடுங்கள். வெளி என்ற இடத்து மைதானம் பக்கம் இருக்கிற தோபிகானாவுக்குள், அதாவது சலவைக் கூடத்துக்குள், நுழைந்ததும், டச்சுக்காரர்கள் சிப்பாய்களின் உடுப்பு வெளுக்கத் தமிழ்நாட்டிலிருந்து கூட்டிவந்த வண்ணார்களின் வம்சம் இவர்கள் என்று கைடு ஒரே வரியில் முடித்துவிட்டு, படம் எடுப்பவர்கள் எடுங்கள் என்று வாசலுக்குப் போய்விட்டார். உள்ளே வரிசையாகக் கல் தொட்டிகள், பின்னால் திறந்த வெளியில் துணி காய்கிறது. கிளிப்பே கிடையாது. இரண்டு கயிற்றை முறுக்கிக் கட்டி, முறுக்குக்கு நடுவில் வேட்டி நுனியைச் செருகிவிடுகிறார்கள், காற்று எவ்வளவு அடித்தாலும் கழல்வதில்லை. ஒரு பெரியவர் கயிற்றைப் பார்க்காமலே செருகிக்கொண்டு போனார். "ஐயா, இந்த வெயில் போதுமா?" என்று கேட்டேன். சட்டென்று நின்று, தமிழா, எந்தப் பக்கம் என்றார். பாலக்காட்டுச் சித்தூர் தாலுகா, கொழிஞ்சாம்பாறை என்றேன். "அப்ப நீங்களும் கொச்சி ராஜ்யம்தான்" என்று சிரித்தார். உண்மைதான், எங்கள் தாலுகா பழைய கொச்சி சமஸ்தானத்தில்தான் இருந்தது. அப்புறம் சொன்னார், "முந்நூறு வருஷமா இங்கதான் இருக்கோம் தம்பி, வர்றவங்க இன்னமும் எப்ப வந்தீங்கன்னுதான் கேக்கறாங்க." எங்கள் பக்கத்திலும் வீட்டில் தமிழ் பேசுகிறோம் என்பதற்காக இதே கேள்வியைக் கேட்டிருக்கிறார்கள். பதில் சொல்வதற்குள் கைடு கூப்பிட்டுவிட்டார். இன்னும் கொஞ்ச நேரம் அந்த மனிதரிடம் நின்றிருக்க விட்டிருக்கலாம்.

தக்கலை:
டச்சுக்காரர்கள் கட்டினார்கள், டச்சுக்காரர்கள் கொண்டுவந்தார்கள் என்றே எல்லா கைடும் சொல்கிறார்கள். 1741-ல் குளச்சல் போரில் திருவிதாங்கூர் ராஜா மார்த்தாண்ட வர்மாவிடம் அவர்கள் தோற்றதை ஒருவர்கூடச் சொல்வதில்லை. அதில் பிடிபட்ட டச்சுப் படைத்தலைவர் டிலனாய் பிறகு திருவிதாங்கூர் படைக்கே தளபதியானார், கல்லறை எங்கள் ஊர்ப்பக்கம் உதயகிரிக் கோட்டைக்குள் இருக்கிறது, கல்லில் லத்தீனும் தமிழும் பொறித்திருக்கிறது. கொச்சியில் நான் எங்கள் கைடிடம் இதைச் சொன்னேன். அவர் நின்று கேட்டார், நோட்டில் எழுதிக்கொண்டார். பெயரின் எழுத்தைக்கூட என்னிடம் கேட்டுச் சரிபார்த்தார், அதை நான் மறக்கமாட்டேன்.

குமுளி அக்கா:
கொழிஞ்சாம்பாறைத் தம்பி, கைடு மேல் மட்டும் பழி போடாதீர்கள். இரண்டு மணி நேரத்துக்குள் மூன்று சாம்ராஜ்யத்தைச் சொல்லி முடிக்கணும், அவர்கள் பிழைப்பு அது. எனக்கு உறுத்துவது வேறு. "போரில் தப்பிய ஊர்" என்கிறார்களே, தானாக எங்கே தப்பியது? 1663-ல் டச்சுக்காரர்கள் ஊரைப் பிடித்ததும் போர்ச்சுகீசியர் கட்டிய கத்தோலிக்கக் கட்டடங்களில் பெரும்பாலானதை இடித்தார்கள். பிரான்சிஸ் தேவாலயத்தைத் தங்கள் வழிபாட்டுக்கு வைத்துக்கொண்டார்கள், சாந்தா குரூஸ் தேவாலயத்தை ஆயுதக் கிடங்காக்கினார்கள். 1795-ல் வந்த ஆங்கிலேயர்கள் அந்தச் சாந்தா குரூஸையும் இடித்துவிட்டார்கள். இப்போது நாம் பார்ப்பது பிறகு புதிதாகக் கட்டி 1905-ல் அர்ச்சிக்கப்பட்டது. பழையதில் ஒரு கருங்கல் தூண் மட்டும் வளாகத்து மூலையில் நிற்கிறது. எங்கள் கூட்டம் அதைத் தாண்டியே போய்விட்டது. பெருக்கிக்கொண்டிருந்த ஒரு சேச்சிதான் என்னைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய், "இது பழைய பள்ளியுட தூணாணு, தொட்டு நோக்கிக்கோ" என்றார். பள்ளி என்றால் மலையாளத்தில் தேவாலயம். தொட்டேன். வெயிலில் சுட்டது, ஓரமெல்லாம் உடைந்து சொரசொரவென்று இருந்தது. வென்றவனுக்கு எது உதவுமோ அதுதான் அங்கே மிஞ்சியிருக்கிறது என்று எனக்குப் பட்டது. அந்தத் தூண் எப்படி மிஞ்சியதென்று மட்டும் விளங்கவில்லை.

புளியரை மணி:
அக்கா சொல்வது சரி, ஆனால் மட்டாஞ்சேரி யூதக் கோயிலையும் சேர்த்துப் பாருங்கள். 1568-ல் கட்டியது, 1662-ல் போர்ச்சுகீசியர் சேதப்படுத்தினார்கள், டச்சுக்காலத்தில் திரும்பக் கட்டினார்கள். வென்றவர்கள் சிலதைத் தூக்கியும் நிறுத்தியிருக்கிறார்கள். தரையில் சீனத்திலிருந்து வந்த நீலவெள்ளை ஓடுகள், கையால் வரைந்தவை, வெறுங்காலோடுதான் நிற்கணும். என் அம்மா குனிந்து ஒவ்வொன்றாகப் பார்த்து, "இந்த மரத்துல இலை வேற மாதிரி இருக்குடா" என்று காட்டிக்கொண்டே வந்தார். காவலர் நகரச் சொல்லவில்லை, அவரும் கூடக் குனிந்து பார்த்தார்.

போகிறவர்களுக்கு: மட்டாஞ்சேரி அரண்மனைக்கு வெள்ளி விடுமுறை, யூதக் கோயிலுக்கு சனி விடுமுறை, வெள்ளி மதியத்துக்கு மேலும் மூடிவிடுவார்கள். அதனால் அந்த இரண்டு நாளையும் விட்டுவிடுங்கள். எர்ணாகுளத்திலிருந்து பஸ்ஸில் போய் தோப்பும்படிப் பாலத்து நெரிசலில் நிற்க வேண்டாம், ஜெட்டியில் படகு பிடியுங்கள், வாட்டர் மெட்ரோவும் இருக்கிறது. காலையிலேயே இறங்கிவிட்டால் வெயில் ஏறுமுன் கடற்கரைப் பக்கம் முடிந்துவிடும். 1724-ம் வருடத்து டச்சுக் கல்லறைத் தோட்டம் பெரும்பாலும் பூட்டித்தான் இருக்கும், பிரான்சிஸ் தேவாலயத்தில் கேட்டுப் பாருங்கள். தேவாலயத்துக்குள் மேலே தொங்கும் துணி விசிறியையும் அண்ணாந்து பாருங்கள், வெளியே ஆள் உட்கார்ந்து கயிறு இழுத்த காலத்தது. தோபிகானாவுக்கு மட்டும் கைடோடு போகாதீர்கள். நடை முடிந்த பிறகு தனியாக, ஒரு சட்டையாவது இஸ்திரிக்குக் கொண்டுபோங்கள். வாடிக்கையாளராகப் போனால் அவர்களே உட்காரச் சொல்லிப் பேசுவார்கள். படம் எடுப்பதென்றால் கேட்டுவிட்டு எடுங்கள்.