ஆகாயத்தாமரையை அறுத்த பிறகு குளத்துத் தண்ணீர் கறுத்து நாறுகிறது

குளத்துக்காரன், கொழிஞ்சாம்பாறை:
வணக்கங்க. இரண்டு ஏக்கர் குளத்தை மீன் வளர்க்கக் குத்தகைக்கு எடுத்திருக்கிறேன். முழுக்க ஆகாயத்தாமரை, இங்கே மலையாளத்தில் குளவாழை. நாலு ஆளை விட்டு அறுத்தேன். கூலி கட்டுப்படியாகவில்லை, பாதியைக் கரையேற்றாமல் வடக்கு மூலையில் ஒதுக்கிவிட்டேன். எட்டாம் நாள் தண்ணீர் கட்டன்சாயா (பால் விடாத டீ) நிறம், அழுகின முட்டை வாடை. விடியற்காலையில் கட்லா மீன் எல்லாம் மேலே வந்து வாயைப் பிளக்கின்றன, மத்தியானம் ஒன்றுமே தெரிவதில்லை. மக்கினால் உரம்தானே, தண்ணீருக்குள் மட்டும் ஏன் இப்படி? சுண்ணாம்பு கொட்டலாமா?

வேலந்தாவளத்தான்:
இப்போது சுண்ணாம்பு வேண்டவே வேண்டாங்க. அழுகலில் அம்மோனியா ஊறியிருக்கும், சுண்ணாம்பால் தண்ணீரில் காரத்தன்மை ஏறினால் அந்த அம்மோனியா மீனுக்கு விஷம். முதலில் அந்தக் குவியலைக் கரைக்கு இழுங்கள். நூற்றுக்குத் தொண்ணூறு பங்குக்கு மேல் தண்ணீர்தான், நாலு நாள் வெயிலில் கிடந்தால் தூக்க லேசாகிவிடும்.

பாட்டனி டீச்சர்:
கரையில் மக்கும்போது காற்று தாராளம். தண்ணீரிலோ லிட்டருக்கு ஏழெட்டு மில்லிகிராம் ஆக்சிஜன் கரைந்திருந்தாலே பெரிது. அழுகலைத் தின்னும் பாக்டீரியா அதைக் காலி செய்துவிடும். பகலில் பாசி கொஞ்சம் ஈடுகட்டும்; ராத்திரி அதுவும் சுவாசிக்கத்தான் செய்யும், தயாரிக்காது. அதனால்தான் விடியலில் தட்டுப்பாடு. ஆக்சிஜன் தீர்ந்ததும் வேறு பாக்டீரியாக்கள் அதற்குப் பதிலாகத் தண்ணீரிலுள்ள சல்பேட் உப்பை எடுத்துக்கொண்டு ஹைட்ரஜன் சல்பைடை விடும். முட்டை வாடை அதுதான். சேற்றைக் கிளறினால் குமிழியாக வருவதில் பெரும்பங்கு மீத்தேன். ஒன்று கேட்கிறேன், மாட்டுத்தொழுவம் கழுவின தண்ணீர் குளத்தில் விழுகிறதா? அதிலுள்ள நைட்ரஜனைத் தின்று கொழுத்த செடி சீக்கிரம் அழுகும்.

குளத்துக்காரன்:
மூன்று வாரம் கழித்து வருகிறேன். குவியலை இழுத்துப்போட்டாச்சு, கட்லா பிழைத்தது. ஆசைக்கு ஒன்று செய்தேன்: பழைய கொசுவலையில் இரண்டு பை தைத்து, ஒன்றில் ஒரு கிலோ இலை, இன்னொன்றில் ஒரு கிலோ வேர் போட்டு, கல் கட்டி முக்கினேன். நேற்று எடுத்தால் இலைப் பையில் கொழகொழவென்று ஒரு கைப்பிடி. வேர் கறுத்த நாராக அப்படியே இருக்கிறது.

பாட்டனி டீச்சர்:
வேரில் லிக்னின் என்கிற கட்டைப்பொருள் அதிகம், மெதுவாகத்தான் போகும். இலையிலிருந்த பாஸ்பரஸோ முதல் சில நாளிலேயே தண்ணீரில் கரைந்திருக்கும். ஆக்சிஜன் இல்லாத அடிச்சேற்றில் இரும்போடு ஒட்டியிருந்த பாஸ்பரஸும் கழன்று மேலே வரும். பாஸ்பரஸ் பாசிக்கு உரம், இனிப் பச்சைப் பாசி பெருகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். ஆகாயத்தாமரை விதையும் சேற்றில் பல வருடம் உயிரோடு கிடக்கும். தொழுவத்து விஷயம் சொல்லவே இல்லையே?

குளத்துக்காரன்:
விழுகிறது டீச்சர், தெற்கே நாலு தொழுவம். வாய்க்காலைத் தென்னைக்குத் திருப்பச் சொல்லலாம், சரி. அதில் ஒன்று என் மாமனாருடையது.