பாதிப் பேருக்குக் கையேடு மட்டும் தருவது நியாயமா?

குழித்துறைக்காரன்:
களியக்காவிளைக் கேரள எல்லையைத் தாண்டினால் வருகிற நெய்யாற்றின்கரைத் தாலுகாவில் நடந்த கேரள நீரிழிவுத் தடுப்பு ஆய்வின் முடிவுகள் 2018இல் வெளிவந்தன. ஆஸ்திரேலியப் பல்கலைக்கழக ஆய்வாளர்களும் திருவனந்தபுரத்து ஸ்ரீசித்திரைத் திருநாள் மருத்துவ அறிவியல் நிறுவனமும் சேர்ந்து, 60 வாக்குச்சாவடிப் பகுதிகளைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்து, நீரிழிவு வரும் வாய்ப்பு மிகுந்த 1,007 பேரைச் சேர்த்தார்கள். ஒரு பாதியினருக்கு உணவு, உடற்பயிற்சி பற்றி ஓராண்டில் 15 குழுக்கூட்டங்கள். மறுபாதியினருக்கு அறிவுரைக் கையேடு மட்டும். உணவையும் நடைப்பயிற்சியையும் சீர்செய்தால் நீரிழிவு குறையும் என்பது சென்னையை மையமாகக் கொண்ட ஆய்வில் 2006இலேயே தெரிந்துவிட்டதே! மூன்றாண்டுகளில், வழக்கமான கவனிப்பு மட்டும் பெற்றவர்களில் 55 சதவீதத்தினருக்கு நீரிழிவு வந்தது; உணவையும் நடைப்பயிற்சியையும் சீர்செய்ய ஆலோசனை பெற்றவர்களில் அது 39.3 சதவீதம்தான். தெரிந்த நன்மையைப் பாதிப் பேருக்குக் கொடுக்காமல் வேடிக்கை பார்ப்பதற்கு ஆராய்ச்சி என்று பெயரா? இத்தகைய ஆய்வுகளை நம் ஊருக்குள் விடக்கூடாது என்பது என் கட்சி.

பாறசாலை ஆசிரியை:
அண்ணாச்சி, இரண்டும் ஒரே கேள்வி அல்ல. சென்னை ஆய்வில் சேர்ந்தவர்கள் எல்லாரும் சர்க்கரை ஏறத் தொடங்கியவர்கள். அவர்களுக்குப் பயிற்சி பெற்ற ஊழியர்கள் தனித்தனியே ஆலோசனை சொன்னார்கள். நெய்யாற்றின்கரையிலோ, சர்க்கரை இயல்பாக இருந்தவர்களும் சேர்க்கப்பட்டார்கள். பெரும்பாலான கூட்டங்களை நடத்தியவர்கள் அதே ஊர்ச் சாதாரண மனிதர்கள். அது பலன் தருமா என்பது உண்மையிலேயே தெரியாமல்தான் இருந்தது. இரண்டாண்டு முடிவில் கூட்டங்களுக்குப் போனவர்களில் 14.9 சதவீதத்தினருக்கும் கையேடு பெற்றவர்களில் 17.1 சதவீதத்தினருக்கும் நீரிழிவு வந்தது. இந்த வேறுபாடு தற்செயலாகவும் இருக்கலாம் என்றுதான் கணக்கு சொல்கிறது. ஒப்பிட மறுபாதி இல்லாமல் போயிருந்தால், 14.9ஐ மட்டும் காட்டி மாபெரும் வெற்றி என்று விழா எடுத்திருப்பார்கள். மரச்சீனிக் கிழங்கும் மீன்கறியும் உண்கிற நம் பகுதி முழுவதற்கும் அரசுப் பணத்தில் அதையே விரித்திருப்பார்கள்.

குழித்துறைக்காரன்:
கணக்கை ஏற்கிறேன், சம்மதத்தை எப்படி ஏற்பது? கூட்டம் நடத்துபவர் பக்கத்து வீட்டுக்காரராக இருக்கும்போது யாரால் மறுக்க முடியும்? 2009–10இல் ஒன்றுபட்ட ஆந்திரத்தின் கம்மம் மாவட்டத்தில் கருப்பைவாய்ப் புற்றுநோய்த் தடுப்பூசித் திட்டத்தில், பழங்குடி மாணவிகளுக்காக விடுதிக் காப்பாளர்களே கையெழுத்திட்டதை மறந்துவிட முடியாது. நாடாளுமன்றக் குழு 2013இல் அதைக் கடுமையாகக் கண்டித்தது.

பாறசாலை ஆசிரியை:
கம்மம் நிகழ்வு வெட்கக்கேடு. அதில் நமக்குள் வழக்கில்லை. ஊசியையும் நடைப்பயிற்சிக் கூட்டத்தையும் ஒரே தராசில் வைப்பதைத்தான் மறுக்கிறேன். ஊர்த்தலைவரின் அனுமதி தனிமனிதரின் சம்மதத்துக்கு ஈடாகாது என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017 நெறிமுறை தெளிவாகவே சொல்கிறது. பகுதி பகுதியாகப் பிரிப்பதற்கும் காரணம் உண்டு: ஒரே தெருவில் இருவரை இரு பிரிவில் வைத்தால், மாலைக்குள் கையேட்டுக்காரருக்கும் கூட்டத்தின் செய்தி முழுவதும் போய்ச் சேர்ந்துவிடும்.

மார்த்தாண்டம் மருந்தாளுநர்:
இருவரும் ஒன்றைத் தொடவில்லை. மருந்து நிறுவனம் நடத்தும் சோதனையில் தீங்கு நேர்ந்தால் இழப்பீடு கேட்க நிறுவனம் இருக்கிறது. பல்கலைக்கழகமே முன்வந்து நடத்தும் ஆய்வில், அதே 2017 நெறிமுறைப்படி, அந்தப் பல்கலைக்கழகமே பொறுப்பாளராகிறது. வாழ்க்கைமுறை ஆய்வில் என்ன தீங்கு என்பார்கள். முழங்கால் தேய்ந்த ரப்பர் பால்வெட்டுத் தொழிலாளியிடம் தினமும் வேகமாக நடக்கச் சொல்லிப் பாருங்கள். மருந்து இல்லை என்பதற்காகப் பதிவையும் விடக்கூடாது. உணவு, உடற்பயிற்சி, கல்விவழித் தலையீடுகளுக்கும் இந்திய மருத்துவச் சோதனைப் பதிவேட்டில் இடம் உண்டு.

குழித்துறைக்காரன்:
மருந்தாளுநர் சொன்னது எனக்கு வலுச்சேர்க்கிறது. பொறுப்பாளர் கடல்கடந்த பல்கலைக்கழகமாக இருந்தால் நம் தொழிலாளி எந்த வாசலில் போய் நிற்பார்?

பாறசாலை ஆசிரியை:
ஆகவேதான் உள்ளூர் நிறுவனமும் அதன் நெறிமுறைக் குழுவும் இல்லாத எந்த ஆய்வையும் நானும் ஏற்கமாட்டேன். நெய்யாற்றின்கரையில் உள்ளூர் நிறுவனம் இருந்தது. ஆய்வே வேண்டாம் என்று கதவைச் சாத்துவது வேறு. நம் நிபந்தனைகளைச் சொல்லிக் கையெழுத்திடுவது வேறு.

குழித்துறைக்காரன்:
அப்படியானால் என் நிபந்தனை ஒன்றுதான்: கூட்டங்களால் பலன் உண்டென்று தெரிந்தால், கையேடு பெற்ற பாதிக்கும் அதே கூட்டங்களை நடத்தித் தரவேண்டும், அதற்கான பணத்தை ஆய்வு தொடங்கும் முன்பே ஒதுக்கி எழுத்தில் தரவேண்டும். அது இல்லாத சம்மதப் படிவத்தில் நான் கையெழுத்திட மாட்டேன். என் வீட்டாரையும் இடவிட மாட்டேன்.