கேம் இன்ஃபார்மர் ஜிடிஏ பத்தி எழுதினது செய்தியா, விளம்பரமா?

திருப்பூர் க்யூசி:

ஜிடிஏ 6, அதாவது ராக்ஸ்டார் கம்பெனியோட கிராண்ட் தெஃப்ட் ஆட்டோ வீடியோ கேமோட ஆறாவது பாகம், அதைப் பத்தின இழையில பாதிப் பேர் "2012ல கேம் இன்ஃபார்மர் அட்டையில வந்த மாதிரி இப்பவும் ஒரு கட்டுரை வந்தா எப்படி இருக்கும்"னு ஏங்கிட்டு இருக்கீங்க. எனக்கு அந்த ஏக்கம் துளியும் இல்லீங்க. அங்க எழுதினா அடிச்சுட்டுப் போயிரும்னு தனி இழையாப் போடறேன்.

புதுசா வந்தவங்களுக்கு: கேம் இன்ஃபார்மர் அமெரிக்காவுல மின்னியாபொலிஸ்ல இருந்து வர்ற பத்திரிகை. 1991ல ஃபங்கோலேண்ட்னு ஒரு கேம் கடைக்காரங்க ஆரம்பிச்சது. 2000ல அந்தக் கடை கைமாறி, பொறகு கேம்ஸ்டாப் ஆயிருச்சு. கேம் விக்கற கடையே நடத்தின பத்திரிகை, அவ்வளவுதான். கடையில மெம்பர் கார்டு வாங்கினா சந்தா கூடவே வரும். அப்படித்தான் ஐம்பது லட்சம் பிரதிக்கு மேல போச்சு.

இப்ப ஜிடிஏவுக்கு வாங்க. நாலாவது பாகத்தைப் பத்தி விரிவான கட்டுரை 2007 மே இதழ்ல வருது. ஆட்டம் 2008 ஏப்ரல் 29ல வருது. மார்க் 10க்கு 10. அஞ்சாவது பாகம் 2012 டிசம்பர் இதழ்ல அட்டைப்படம். ஆட்டம் 2013 செப்டம்பர் 17ல. மார்க் 9.75. ரெண்டு தடவையும் ஒரே வரிசைதான். ராக்ஸ்டார் கதவைத் திறந்து விடுது, இவங்க போய்ப் பார்த்துட்டு வந்து பக்கம் பக்கமா எழுதறாங்க, அப்புறம் அதே பத்திரிகை மார்க் போடுது, அதே பத்திரிகையோட முதலாளி கல்லாவுல வெச்சு ஆட்டத்தை விக்கறார்.

நான் பனியன் கம்பெனியில க்யூசி, சரக்கோட தரம் பார்க்கற ஆள். தெச்ச யூனிட்டே ஃபைனல் இன்ஸ்பெக்‌ஷனும் பண்ணிட்டு பாஸ் சீல் குத்தி அனுப்பினா எந்த பையரும் சரக்கை எடுக்க மாட்டான். வேலை சுத்தமாவே இருந்தாலும் எடுக்க மாட்டான். கேம் வாங்கற நாம மட்டும் ஏன் எடுத்துக்கணும்?

உக்கடம் பழைய புக்:

க்யூசி, வரிசை சரியா எழுதியிருக்கீங்க. ஆனா அந்த 2012 டிசம்பர் இதழை எடுத்து ஒரு தடவையாவது படிச்சிருக்கீங்களா? உக்கடம் பழைய புத்தகக் கடையில நான் வாங்கினது இப்பவும் கைவசம் இருக்குது, அதை வெச்சுட்டுத்தான் எழுதறேன்.

மைக்கேல், ஃப்ராங்ளின், ட்ரெவர்னு மூணு பேரை வெச்சு ஆடப் போறோம், நினைச்ச நேரத்துல ஒருத்தர்ல இருந்து இன்னொருத்தருக்கு மாறலாம். இது ஊருக்கே தெரிஞ்சது அந்தக் கட்டுரையிலதான். அதுக்கு முந்தி வருஷம் 2011 நவம்பர்ல டிரெய்லர் வந்திருந்துச்சு. அதைப் பார்த்தவங்க எல்லாரும் ஒரே ஒரு நாயகன்னு நெனச்சு ஒரு வருஷம் யூகம் பண்ணிட்டு இருந்தாங்க. ஏன் மூணு பேர், கதையை எப்படிப் பிரிச்சாங்கன்னு கதை எழுதின ராக்ஸ்டார்காரர் டான் ஹவுசர்கிட்டயே கேட்டு வாங்கிப் போட்டிருக்காங்க. அந்தாள் சும்மா எல்லாருக்கும் பேட்டி குடுக்கற ஆளில்லை.

இதை விளம்பரம்னு ஒரே வார்த்தையில தள்ளிட முடியாதுங்க. முன்னோட்டக் கட்டுரை வேற, விமர்சனம் வேற. முதலாவதுல "இவங்க என்ன பண்ணிட்டு இருக்காங்க"ன்னு சொல்றாங்க, ரெண்டாவதுல "எப்படி வந்திருக்குது"ன்னு சொல்றாங்க. ரெண்டையும் போட்டுக் குழப்பிக்கறது வாசகனோட பிரச்சினை.

முதலாளி விஷயம். கேம்ஸ்டாப்புக்கு நல்ல லாபம் வந்தது பழைய டிஸ்க்கை வாங்கி விக்கறதுல. ஆட்டம் பிடிக்கலைன்னு நீங்க திருப்பிக் கொண்டாந்து போட்டாத்தான் அந்த வியாபாரமே ஓடும். கேம் எடுக்கற கம்பெனிகளுக்கு அந்தப் பழைய டிஸ்க் வியாபாரம் கண்ணுல விழுந்த தூசி. அதனால கடைக்கும் கம்பெனிக்கும் ஒரே நலன்னு சொல்றது தப்புக் கணக்கு. 2004ல நிண்டெண்டோவோட ரெண்டாவது பேப்பர் மரியோ கேமுக்கு இதே பத்திரிகை 6.75 போட்டுச்சு. ஊரெல்லாம் தலையில தூக்கி வெச்சு ஆடின கேம் அது. நிண்டெண்டோ ரசிகர்கள் இன்னிக்கு வரைக்கும் திட்டறாங்க. கடைக்கு விக்கணும்னு மட்டும் இருந்திருந்தா அந்த மார்க் வந்திருக்காது.

பவானிக்கரை:

அண்ணா, நீங்க சொல்ற அதே கட்டுரையிலதான் ராக்ஸ்டாரோட பழைய கேம்களைச் சொல்லி "ரெட் டெட் ரிடெம்ப்ஷன், சான் ஆண்ட்ரியாஸ், ஜிடிஏ 4 மூணு மேப்பையும் சேர்த்தாலும் இதுக்குள்ள அடங்கிரும்"னு வந்துச்சு. யார் சொன்னது? ராக்ஸ்டார். யார் அளந்தது? ஒருத்தரும் இல்லை. அன்னிக்கு அளக்கவும் வழியில்லை, கம்பெனி காட்டினதை மட்டுந்தான் பார்க்க முடியும். நான் எட்டாவது படிக்கறப்ப ஸ்கூல் வேன்ல அந்த ஒரு வரியை வெச்சே ஒரு மாசம் சண்டை போட்டிருக்கறோம். செய்தின்னு நம்பித்தானே அண்ணா பேசினோம்?

இன்னொண்ணு. அந்த 9.75 எதுக்குப் போட்டது? கதை ஆட்டத்துக்கு. இணையத்துல பல பேர் சேர்ந்து ஆடற ஜிடிஏ ஆன்லைன் 2013 அக்டோபர் 1ல தான் திறந்துச்சு. முதல் வாரமெல்லாம் சர்வர்ல நுழையவே முடியலை, நுழைஞ்சவங்களோட கேரக்டர் காணாமப் போச்சு, கடைசியில ராக்ஸ்டாரே எல்லாருக்கும் ஆட்டத்துக்குள்ள அஞ்சு லட்சம் டாலர் இனாமாக் குடுத்துச்சு. இன்னிக்கு அந்த கேம் 20 கோடி பிரதி தாண்டி உசுரோட இருக்கறதுல பெரும் பங்கு ஆன்லைனுக்குத்தான். மார்க் போட்ட அன்னிக்கு அது கிடையவே கிடையாது.

நாலாவது பாகத்துக்கும் அதே கதிதான். 10க்கு 10 கன்சோலுக்கு, அதாவது டிவியில மாட்டி ஆடற பெட்டிக்கு. 2008 டிசம்பர்ல பிசிக்கு வந்தது எந்த லட்சணத்துல ஓடுச்சுன்னு எல்லாருக்கும் தெரியும். நல்ல கிராஃபிக்ஸ் கார்டு போட்ட மெஷின்லயே இழுத்துச்சு, அதுக்கு மேல ரெண்டு மூணு அக்கவுண்ட் லாகின் வேற. நம்ம பக்கம் கன்சோல் வெச்சிருந்தவங்க எத்தனை பேருங்க? கோபியில இருந்து பொள்ளாச்சி வரைக்கும் பிசிதான். அந்தப் பத்து மார்க் நமக்குப் போட்டதே இல்லை.

பொள்ளாச்சி அக்கா:

பவானிக்கரை தம்பி சொல்ற பிசி விஷயம் உண்மை. 2004ல இருந்து ஏழெட்டு வருஷம் பஸ் ஸ்டாண்ட் பக்கத்துல நாங்க பிரவுசிங் சென்டர் வெச்சிருந்தோம். ஜிடிஏ வைஸ் சிட்டி போடாத மெஷினே இல்லை. பசங்க நோட்டுக் கடைசிப் பக்கத்துல சீட் கோடு எழுதிட்டு வருவாங்க, "பான்சர்"னு தட்டினா டேங்க் வந்து நிக்கும், மணி முடியற வரைக்கும் அதுலயே சுத்துவாங்க. மிஷன் முடிச்ச பையனை விரல் விட்டு எண்ணிரலாம். எந்தப் பத்திரிகை எத்தனை மார்க் போட்டுதுன்னு அதுல ஒருத்தனுக்கும் தெரியாது, தெரிஞ்சாலும் பொருட்டில்லை.

ஆனா க்யூசி, நீங்க பத்திரிகையை மட்டும் கூண்டுல நிறுத்தறீங்க. வாசகன் என்ன கேட்டான்? ஜிடிஏ 5 வந்தப்ப கேம்ஸ்பாட் தளத்துல 10க்கு 9 போட்டாங்க. ரொம்ப நல்ல ஆட்டம்னு எழுதிட்டு, பெண்களைக் காட்டற விதத்துல வக்கிரம் இருக்குதுன்னு ஒரு குறை சொன்னாங்க. அதுக்கு அந்த விமர்சகரை வேலையை விட்டுத் தூக்கணும்னு இருபதாயிரம் பேருக்கு மேல கையெழுத்துப் போட்டாங்க. ஒரு மார்க் குறைஞ்சதுக்கு! ஆட்டத்தைக் கையில தொடாதவங்களும் போட்டாங்க. அந்த கேம்ல பொம்பளைங்க எல்லாம் எப்படி வர்றாங்கன்னு சென்டர் கண்ணாடிக்குப் பின்னால உக்காந்து வருஷக்கணக்காப் பழைய பாகத்துல பார்த்தவ நான். அந்த விமர்சகர் எழுதினது ஒரு வரி கூடத் தப்பில்லை.

இப்படி ஒரு கூட்டம் வாசல்ல நிக்கறப்ப எந்தப் பத்திரிகை துணிஞ்சு எட்டுப் போடும்?

திருப்பூர் க்யூசி:

அக்கா, கூட்டத்துக்குப் பயந்தாங்கன்னா அதுவும் குத்தந்தானுங்களே. பயப்படாத ஆளும் இருந்தாங்க. எலெக்ட்ரானிக் கேமிங் மன்த்லின்னு இன்னொரு பத்திரிகை. அதோட ஆசிரியர் டான் சூ 2008ல பேர் சொல்லியே எழுதினார்: அசாசின்ஸ் கிரீட் கேம் பத்தி எழுதினது பிடிக்காம அதை எடுத்த யூபிசாஃப்ட் கம்பெனி எங்களுக்கு எதையும் தர்றதில்லை, மார்ட்டல் காம்பாட் குழுவும் சோனியோட விளையாட்டு கேம் பிரிவும் அப்படித்தான், அதனால அந்த ஆட்டமெல்லாம் எங்க பக்கத்துல முந்தி மாதிரி வராதுன்னு. அவ்வளவு பிரபலமான ஒரு வரிசையை இழந்துட்டு, இழந்ததை வாசகன்கிட்டயும் சொன்னார். எனக்கு அந்த ஒரு பக்கம் போதும், எத்தனை அட்டைப்படத்தையும் அதுக்கு முன்னால தள்ளி வெப்பேன்.

உக்கடத்தார் கேம் இன்ஃபார்மர் விமர்சனத்துல கீழ வர்ற கட்டத்தை ஒரு தடவை பாருங்க. கான்செப்ட், கிராஃபிக்ஸ், சவுண்டு, பிளேயபிலிட்டி, என்டர்டெயின்மென்ட், ரீப்ளே. ஒவ்வொண்ணுக்கும் ஒரு வரி. இந்த ஆட்டத்தைப் பத்தி முன்னாடி நாங்க அட்டைக் கட்டுரை போட்டோம், அதுக்குக் கம்பெனி எங்களை உள்ள கூட்டிட்டுப் போச்சுங்கறதுக்கு அந்தக் கட்டத்துல இடமே கிடையாது. ஒரு வரி சேர்க்கறதுக்கு என்ன செலவாகப் போகுது?

உக்கடம் பழைய புக்:

அந்த ஒரு வரி வேணும்ங்கறதுல எனக்குத் தகராறு இல்லை. அட்டைப்படம் வேண்டாம்ங்கறதுலதான் தகராறு. நீங்க கையெடுத்துக் கும்பிடற அந்த எலெக்ட்ரானிக் கேமிங் மன்த்லி 2009 ஜனவரியில மூடியாச்சு.

அச்சுப் பத்திரிகை எப்படி வேலை செய்யுதுன்னு யோசிச்சுப் பாருங்க. பக்கத்தை முடிச்சு, அச்சடிச்சு, தபால்ல சேர்க்க வாரக்கணக்காகும். ஆட்டம் கடைக்கு வந்த பொறகு வாங்கி ஆடி எழுதினா இதழ் வர்றதுக்குள்ள எல்லாரும் ஆடியே முடிச்சிருப்பாங்க. முன்கூட்டிப் பிரதி கைக்கு வந்தாத்தான் எழுத முடியும், அதைக் குடுக்கறது கம்பெனிதான். அந்தக் கட்டுக்குள்ள இருந்துட்டே என்ன கேட்க முடியுமோ அதைக் கேட்டு வாங்கினாங்க.

இப்ப அந்தக் கட்டும் இல்லை, பத்திரிகையும் வேண்டியதில்லை. ஜிடிஏ 6 எப்படி வந்துச்சு? 2023 டிசம்பர்ல யூடியூப்ல டிரெய்லர். 2025 மே மாசம் ரெண்டாவது டிரெய்லர், கூடவே படங்களும் கேரக்டர் குறிப்பும் அவங்க சொந்தத் தளத்துலயே. எதிர்ல உக்காந்து "இது ஏன், அது எப்படி"ன்னு கேட்க ஒருத்தரும் இல்லாமயே முடிஞ்சு போச்சு. 2022ல வீடியோ திருட்டுப் போய் வெளிய வந்ததை விட்டா, கம்பெனி காட்ட நெனச்சதை மட்டுந்தான் நாம பார்த்திருக்கோம். இதுதான் நீங்க கேட்ட சுத்தமா? 2012ல ஒரு நிருபராவது நடுவுல இருந்தார். இப்ப இருக்கறதுதான் முழு விளம்பரம்.

பவானிக்கரை:

நடுவுல ஒருத்தர் இருந்தார் சரிங்ணா, அவரால என்ன ஆச்சு? மூணு நாயகன்ங்கற செய்தி எப்படியும் அடுத்த டிரெய்லர்ல வந்திருக்கும். கம்பெனி சொல்லாத ஒரு விஷயத்தை அவங்க கண்டுபிடிச்சு எழுதினதாக் காட்டுங்க, நான் ஒத்துக்கறேன்.

அப்புறம் முதலாளி பலம் என்னன்னு 2024 ஆகஸ்ட் 2ல பார்த்தோமே. கேம்ஸ்டாப் ஒரே நாள்ல பத்திரிகையை மூடுச்சு. தளத்துல இருந்த அத்தனை வருஷக் கட்டுரையும் போய், ஒரு வழியனுப்பு அறிக்கை மட்டும் நின்னுச்சு. உங்க ஜிடிஏ கட்டுரையும் அதுலதான் போச்சு. கடைக்காரர் பத்திரிகைன்னு க்யூசி அண்ணன் சொல்றது இதைத்தான்.

உக்கடம் பழைய புக்:

காகிதம் எங்கயும் போகலை தம்பி, என் அலமாரியில இருக்குது. அப்புறம் "கண்டுபிடிச்சது என்ன"ன்னு கேக்கறே. ஆட்டம் உருவாகறப்ப எடுக்கறவங்க என்ன நெனச்சாங்கங்கறதே ஒரு செய்தி. வந்து ஜெயிச்ச பொறகு கேட்டா எல்லாரும் அழகா மாத்திச் சொல்லுவாங்க. பத்து மாசத்துக்கு முன்னாடி, ஜெயிக்குமா தெரியாத நேரத்துல ஹவுசர் சொன்னது அச்சுல இருக்குது. 2020ல அவர் ராக்ஸ்டாரை விட்டே போயிட்டார். ஜிடிஏ வரலாறு எழுதறவனுக்கு இனி அந்தப் பக்கந்தான் ஆதாரம். மூணு நாள்ல 100 கோடி டாலர் வசூல் பண்ணின ஆட்டத்துக்கு, அதுக்கு முந்தி எடுத்த சாட்சியம் எங்க வேற இருக்குது?

பொள்ளாச்சி அக்கா:

சாட்சியம்னா ஒத்துக்கலாம். ஆனா சாட்சி எழுதினவங்களே தீர்ப்பும் எழுதக் கூடாது, க்யூசி சொல்றதும் அதுதானே? எடுக்கறவங்க கூட உக்காந்து ரெண்டு நாள் பேசி, சாப்பிட்டு வந்த மனசு மார்க் போடறப்ப எப்படியும் கொஞ்சம் இளகும். சென்டருக்கு வந்த பசங்க விஷயத்துலயே எனக்கு அப்படி ஆயிருக்குது.

திருப்பூர் க்யூசி:

அதேதானுங்க அக்கா. இப்ப இன்னும் ஒரு சிக்கல் சேர்ந்திருக்குது. 2025 மார்ச்சுல கேம் இன்ஃபார்மர் பழைய ஆட்களோட திரும்பி வந்துச்சு, ஆனா வாங்கினது கன்சில்லா கேம்ஸ். அது கேம் எடுக்கற கம்பெனி. முந்தி விக்கறவர் கையில இருந்துச்சு, இப்ப செய்யறவர் கையில. எழுத்துல தலையிட மாட்டோம்னு சொல்லியிருக்காங்க. சொல்லட்டும். ஜிடிஏ 6க்கு அவங்க மார்க் போடறப்ப, போட்டிக் கம்பெனி ஆட்டத்துக்குத்தானே போடறாங்க? அதையும் அந்தக் கட்டத்துல ஒரு வரி எழுதணும். எழுதற வரைக்கும் கூட்டினாலும் குறைச்சாலும் நான் நம்பத் தயாரில்லை.

உக்கடம் பழைய புக்:

நம்ப வேண்டாம், படிங்க. ரெண்டும் வேற.

2026 நவம்பர் 19ன்னு தேதி சொல்லியிருக்கறது பிளேஸ்டேஷன் 5க்கும் எக்ஸ்பாக்ஸ் சீரிஸுக்கும் மட்டுந்தான். பிசிக்கு எப்பன்னு ராக்ஸ்டார் வாயே திறக்கலை. பவானிக்கரை தம்பிக்கு வேண்டிய ஒரே கேள்வி அதுதான், அதை டிரெய்லர்கிட்ட கேட்க முடியாது. நேர்ல போற ஒரு நிருபர் வேணும்.

பவானிக்கரை:

போகட்டுங்ணா. கேட்டு, பதில் சொல்லலைன்னா "கேட்டோம், சொல்லலை"ன்னு அதே அட்டைக் கட்டுரையில போடட்டும். அதுக்கு மட்டும் சந்தா கட்டறேன்.