டெங்குக் காய்ச்சலுக்குப் பிறகு முடி உதிர்கிறது: கரிசலாங்கண்ணித் தைலம் போதுமா?

கேள்வி: வேளச்சேரி வாசகி

அனைவருக்கும் வணக்கம். எனக்கு வயது 34. கடந்த ஐப்பசி மழையின்போது டெங்குக் காய்ச்சல் கண்டு, மருத்துவமனையில் தங்கிச் சிகிச்சை பெற்று, கார்த்திகையில் உடல் தேறி அலுவலகம் செல்லத் தொடங்கினேன். எல்லாம் சரியாகிவிட்டது என்று நினைத்திருந்த வேளையில், தை பிறந்ததிலிருந்து தலை வாரும்போதும் குளிக்கும்போதும் முடி கொத்துக் கொத்தாகக் கையோடு வருகிறது. உதிர்ந்த முடியின் ஒரு முனையில் வெண்ணிறத்தில் சிறு குமிழ் ஒன்று தெரிவதால், வேரே பிடுங்கிக்கொண்டு வருகிறதோ என்று அஞ்சுகிறேன்.

வீட்டிலும் வெளியிலும் ஆளுக்கொரு யோசனை கூறுகிறார்கள். மாமியார் கரிசலாங்கண்ணித் தைலம் காய்ச்சித் தேய்க்கச் சொல்கிறார். நாத்தனார் சின்ன வெங்காயச் சாறு என்கிறார். அலுவலகத் தோழி ஒருவர் ரோஸ்மேரி எண்ணெயும் பயோட்டின் என்னும் வைட்டமின் மாத்திரையும் வாங்கச் சொல்கிறார். கூடுமானவரை மூலிகைகளைக் கொண்டே இதைச் சரிசெய்ய விரும்புகிறேன். எந்த மூலிகை உண்மையில் எதற்கு உதவும், தைலத்தை வீட்டிலேயே முறையாகக் காய்ச்சுவது எப்படி என்பதை அனுபவமுள்ளவர்கள் விளக்க வேண்டுகிறேன். எங்கள் குடியிருப்பில் ஆழ்துளைக் கிணற்று நீரும் லாரித் தண்ணீரும் கலந்தே வருகின்றன. அதுவும் ஒரு காரணமாக இருக்குமா?

பதில்: சானடோரியம்

சகோதரி, நான் சித்த மருத்துவம் படித்து, தாம்பரம் பகுதியில் பணியாற்றி வருகிறேன். முதலில் உங்கள் அச்சத்தைப் போக்கிவிடுகிறேன். அந்த வெண்குமிழ் வேர் அன்று. வளர்ச்சிக் காலம் முடிந்து ஓய்வு நிலைக்குச் சென்ற முடியின் அடிமுனை அவ்வாறுதான் தடித்து வெளுத்திருக்கும். முடியை உண்டாக்கும் நுண்ணறை உச்சந்தலையின் தோலுக்குள்ளேயே பத்திரமாக இருக்கிறது; அங்கிருந்து புதிய முடி மீண்டும் முளைக்கும்.

நம் தலையில் ஏறத்தாழ ஒரு லட்சம் முடிகள் உள்ளன. ஒவ்வொன்றும் 2 முதல் 6 ஆண்டுகள் வரை வளர்ந்து, சில வாரங்களில் வளர்ச்சியை நிறுத்திக்கொண்டு, பிறகு சுமார் 3 மாதங்கள் ஓய்வு நிலையில் இருந்து உதிர்கிறது. எனவே நலமாக இருப்பவருக்கும் நாளொன்றுக்கு 50 முதல் 100 முடிகள் வரை உதிர்வது இயல்பே. கடுமையான காய்ச்சல், பிரசவம், அறுவை சிகிச்சை, திடீரென்று உணவைக் குறைத்து உடல் மெலிதல் போன்ற அதிர்ச்சிகள் நேரும்போது, வளர்ந்துகொண்டிருக்கும் முடிகளில் கணிசமான பகுதி ஒரே நேரத்தில் ஓய்வு நிலைக்குச் சென்றுவிடும். அவை அப்போதே உதிர்வதில்லை. இரண்டு மூன்று மாதங்கள் கழித்து, நோயையே நாம் மறந்துவிட்ட பிறகு, மொத்தமாக உதிரத் தொடங்கும். ஐப்பசியில் காய்ச்சல், தையில் உதிர்வு என்ற உங்கள் கணக்கு இதனோடு அப்படியே பொருந்துகிறது. காரணம் நீங்கிவிட்டால் இவ்வகை உதிர்வு பெரும்பாலும் ஆறு மாதங்களுக்குள் தானாகவே அடங்கிவிடும். முடி மாதத்திற்கு ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர்தான் வளரும் என்பதால், பழைய அடர்த்தி கண்ணுக்குத் தெரிவதற்கு அதைவிடக் கூடுதல் காலம் பிடிக்கும்.

இதைச் சொல்வதற்குக் காரணம் உண்டு. இவ்வாறு தானாக நிற்கவிருக்கும் உதிர்வின் நடுவே ஒரு தைலத்தைத் தேய்க்கத் தொடங்கினால், உதிர்வு நின்றதற்கான பெருமை முழுவதும் அந்தத் தைலத்திற்குப் போய்ச் சேருகிறது. பின்னர் இரும்புச்சத்துக் குறைவாலோ தைராய்டு கோளாறாலோ முடி இழக்கும் வேறொரு பெண்ணுக்கும் அதே தைலம் பரிந்துரைக்கப்படுகிறது. அவர் பல மாதங்களை வீணாக்கிய பிறகே மருத்துவரிடம் வருகிறார். ஆகவே மூலிகையைத் தேர்ந்தெடுக்கும் முன் ஹீமோகுளோபின், ஃபெரிட்டின், தைராய்டு ஆகிய இரத்தப் பரிசோதனைகளைச் செய்துகொள்ளுங்கள். மாதவிடாயில் அதிக இரத்தப்போக்கு உள்ளவர்களுக்கு ஹீமோகுளோபின் சரியாக இருந்தாலும், சேமிப்பிலுள்ள இரும்பைக் காட்டும் ஃபெரிட்டின் மிகக் குறைந்திருப்பதுண்டு. தோழி சொன்ன பயோட்டினை இப்போது தொடங்க வேண்டாம். அதன் குறைபாடு நம்மிடையே அரிது. அதோடு, அதிக அளவில் உட்கொண்டால் தைராய்டு பரிசோதனை முடிவுகளையே பிழையாகக் காட்டக்கூடும்.

இனி மூலிகைகள். கரிசலாங்கண்ணிச் சாரம் முடியின் வளர்ச்சிக் காலத்தைத் தூண்டுவதாக எலிகளிடம் நடந்த ஆய்வுகள் காட்டியுள்ளன. மனிதர்களிடம் அந்த அளவுக்கு உறுதியான சான்று இன்னும் கிடைக்கவில்லை. ரோஸ்மேரி எண்ணெயைப் பற்றி 2015ஆம் ஆண்டு ஈரானில் ஓர் ஆய்வு வெளியானது. பரம்பரை வழுக்கை உள்ள 100 பேரில் பாதிப் பேருக்கு அவ்வெண்ணெயையும் மீதிப் பேருக்கு முடி வளரத் தலையில் தடவும் மருந்தான மினாக்ஸிடிலை 2 சதவீத அளவிலும் கொடுத்துப் பார்த்தார்கள். மூன்றாம் மாதத்தில் இரண்டிலும் குறிப்பிடத்தக்க பலன் இல்லை; ஆறாம் மாதத்தில் இரண்டிலும் ஏறக்குறைய சமமான முன்னேற்றம் காணப்பட்டது. நம்பிக்கை தரும் செய்திதான் என்றாலும், எதையுமே தடவாத ஒரு குழு அந்த ஆய்வில் இல்லை என்பதையும், அது உங்களுடையதைப் போன்ற உதிர்வுக்கு நடத்தப்பட்டதன்று என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும். வெங்காயச் சாறு 2002இல் சிறு அளவில் சோதிக்கப்பட்டது, வட்ட வட்டமாக முடி கொட்டும் புழுவெட்டுக்கு. புழுவெட்டு பலருக்குத் தானாகவே மறையக்கூடியது. உங்களுக்கு இருப்பது அதுவன்று என்பதால், சாற்றைத் தடவி எரிச்சலை வரவழைத்துக்கொள்ள வேண்டியதில்லை.

நெல்லிக்காயைத் தலையில் தடவுவதைவிட உண்பதையே நான் வலியுறுத்துவேன். அதிலுள்ள வைட்டமின் சி சத்தானது முருங்கைக் கீரை, பயறு போன்றவற்றில் உள்ள இரும்பை உடல் ஏற்க உதவுகிறது. சாப்பிட்டவுடன் காபியோ தேநீரோ அருந்தினால் அந்த இரும்பு உடலில் சேர்வது குறைந்துவிடும். நம் ஊரில் மதிய உணவுக்கும் காபிக்கும் இடையே ஒரு மணி நேர இடைவெளி விடுவதே பலருக்குப் பெரிய சிகிச்சையாக அமையும்.

பதில்: மயிலை மாடவீதி

அன்புள்ள மகளுக்கு, மருத்துவர் கூறியவற்றை மதிப்போடு ஏற்கிறேன். ஆனால் தைலத்தை இவ்வளவு எளிதாக ஒதுக்கிவிடுவதை என்னால் ஏற்க முடியவில்லை. தரையில் கிடக்கும் முடியைக் கையில் எடுத்துப் பாருங்கள். வெண்குமிழோடு நீளமாக இருப்பவை உதிர்ந்தவை. குமிழ் இல்லாமல் குட்டையாகக் கிடப்பவை இடையில் ஒடிந்தவை. வறண்டு ஒடியும் இந்த முடியைக் காப்பாற்றுவதே எண்ணெயின் வேலை. அடர்த்தி குறைந்திருக்கும் காலத்தில் இருக்கிற முடியும் ஒடிந்துபோகாமல் பார்த்துக்கொள்வது சிறிய காரியமன்று.

எங்கள் வீட்டில் தலைமுறைகளாகக் காய்ச்சி வரும் முறையைச் சொல்கிறேன். வெள்ளைப் பூப் பூக்கும் கரிசலாங்கண்ணியே தைலத்திற்கு உரியது. மஞ்சள் பூவுள்ளதைக் கீரையாகச் சமைப்பார்கள். கீரைக்காரரிடம் வாங்கும்போது கவனம் தேவை, ஏனெனில் வெட்டுக்காயப் பூண்டும் பார்ப்பதற்கு ஏறத்தாழ அப்படியே இருக்கும். ஓர் இலையை உள்ளங்கையில் கசக்கிச் சிறிது நேரம் காத்திருங்கள். கரிசலாங்கண்ணியாக இருந்தால் சாறு கருத்துவிடும். கால்வாய் ஓரத்திலும் சாக்கடை ஓரத்திலும் அது செழித்து வளரும் என்பதற்காக அங்கிருந்து பறித்து வராதீர்கள். தொட்டியில் வைத்தாலே நன்றாகப் படரும்.

இலையை இரண்டு மூன்று முறை கழுவி, தண்ணீர் அதிகம் சேர்க்காமல் அரைத்து, மெல்லிய துணியில் பிழிந்துகொள்ளுங்கள். ஒரு லிட்டர் செக்குத் தேங்காய் எண்ணெய்க்குக் கால் லிட்டர் சாறு போதும். நெல்லிக்காயைக் கொட்டை நீக்கி இடித்த சாறும், ஒரு கைப்பிடி கறிவேப்பிலையும், ஒரு தேக்கரண்டி வெந்தயமும் சேர்க்கலாம். செம்பருத்திப் பூவை நான் எண்ணெயில் இடுவதில்லை; அதன் இலையைச் சீயக்காயோடு சேர்த்தரைப்பதே மேல் என்பது என் கருத்து. எண்ணெயின் அளவைப் போல் இரண்டு மூன்று மடங்கு கொள்ளும் அடி கனமான பாத்திரத்தை எடுங்கள். சாறு சேர்ந்தவுடன் நுரைத்துப் பொங்கி அடுப்பில் வழிந்துவிடும். சிறு தீயில் வைத்து, அடிப்பிடிக்காமல் மரக்கரண்டியால் கிளறிக்கொண்டே இருக்க வேண்டும். முதலில் சடசடவென்று ஓசை வரும். நீர் வற்ற வற்ற அவ்வோசை அடங்கும். அடியில் தங்கும் வண்டலை எடுத்து விரல்களுக்கிடையே தேய்த்தால், முதலில் மெழுகு போலத் திரளும், பிறகு மணல் போல நறநறக்கும். அந்த மணல் பதத்தில் உடனே இறக்கிவிட வேண்டும். முன்னதாக இறக்கினால் ஈரம் தங்கித் தைலம் சிக்குப் பிடிக்கும் அல்லது பூசணம் பூக்கும். தாமதித்தால் கருகி வாசனை கெடும். ஆறிய பின் வடிகட்டி, சிறிதும் ஈரமில்லாத கண்ணாடிப் புட்டியில் ஊற்றி வையுங்கள்.

நேரமில்லாதவர்கள் பார்க் டவுனில் ராசப்பா செட்டித் தெருவிலுள்ள நாட்டு மருந்துக் கடைகளில் உலர்ந்த இலையை வாங்கி ஊறவைத்துக் காய்ச்சுகிறார்கள். பச்சிலைச் சாற்றில் காய்ச்சிய தைலத்தின் நிறமும் மணமும் அதில் வருவதில்லை.

பதில்: பெரம்பூர் பழையவர்

ஆண்களுக்காக ஒரு சொல் சேர்க்கிறேன். நெற்றியின் இரு பக்கமும் மேலேறி, உச்சியும் மெலிந்துவரும் பரம்பரை வழுக்கைக்கு நான் தேய்க்காத தைலமே இல்லை என்னும் அளவுக்கு ஆண்டுக்கணக்கில் தேய்த்தேன். இருந்த முடி மென்மையாக இருந்ததே தவிர, பின்வாங்கிய வரிசை திரும்பவில்லை. இவ்வகை வழுக்கையில் ஹார்மோனின் தாக்கத்தால் நுண்ணறைகள் படிப்படியாகச் சுருங்குகின்றன என்று தோல் மருத்துவர் விளக்கி, மினாக்ஸிடில் கொடுத்தார். இரத்த அழுத்தத்திற்காகக் கண்டறியப்பட்ட அம்மருந்தைத் தலையில் தடவுவதற்கு அமெரிக்காவில் 1988இல் அனுமதித்தார்கள். நிறுத்தினால் பலனும் போய்விடும் என்பதையும், தொடங்கிய சில வாரங்களில் உதிர்வு சற்றுக் கூடலாம் என்பதையும் அவர் முன்கூட்டியே சொன்னார். இளைஞர்கள் மூலிகையை நம்பித் தொடக்கக் காலத்தைக் கடத்திவிட வேண்டாம் என்று உளமாரக் கேட்டுக்கொள்கிறேன்.

கேள்வி கேட்டவர்: வேளச்சேரி வாசகி

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. வெண்குமிழைப் பற்றிய விளக்கத்தைப் படித்த பிறகுதான் நிம்மதியாக மூச்சு விட்டேன். இந்த வாரமே இரத்தப் பரிசோதனை செய்துகொள்கிறேன். இன்னும் இரண்டு ஐயங்கள் உள்ளன: எனக்குப் பொடுகும் இருக்கிறது, தைலத்தை இரவு முழுவதும் ஊறவிடலாமா? தண்ணீரைப் பற்றியும், ஷாம்புவை விட்டுச் சீயக்காய்க்கு மாறுவதைப் பற்றியும் கூறுவீர்களா?

பதில்: சானடோரியம்

பொடுகு இருக்கும்போது இரவு முழுவதும் எண்ணெயை ஊறவிட வேண்டாம். பொடுகுக்குக் காரணமான மலசீசியா என்னும் பூஞ்சை, எண்ணெயிலுள்ள கொழுப்பு அமிலங்களை உண்டே பெருகுகிறது. ஆகவே கீட்டோகோனசோல் என்னும் பூஞ்சை எதிர்ப்பு மருந்து கலந்த ஷாம்புவை மருத்துவர் சொல்லும் முறைப்படி சில வாரங்கள் பயன்படுத்தி முதலில் பொடுகைக் கட்டுப்படுத்துங்கள். அதுவரை தைலத்தை உச்சந்தலையில் தேய்க்காமல், முடியின் நீளத்தில் மட்டும் தடவி, ஒரு மணி நேரத்தில் அலசிவிடலாம். மயிலை அம்மா சொன்னது இவ்விடத்தில் முற்றிலும் சரி. தேங்காய் எண்ணெய் முடியினுள் ஊடுருவி, கழுவும்போதும் வாரும்போதும் ஏற்படும் புரத இழப்பைக் குறைக்கிறது என்று 2003இல் வெளிவந்த ஓர் ஆய்வு காட்டியது. அதே ஆய்வில் சூரியகாந்தி எண்ணெயும் கனிம எண்ணெயும் அந்தப் பலனைத் தரவில்லை.

உப்புத் தண்ணீரால் முடி சொரசொரப்பாகி ஒடியலாம். காய்ச்சலுக்குப் பின் வரும் உதிர்வுக்கு அது காரணமாகாது. கடின நீரில் சோப்பு திரிந்து முடியில் படியும் என்பதால் தலைக்குச் சோப்பே கூடாது. கடைசியாக ஒரு சொம்பு குடிநீர்க் கேன் தண்ணீரில் அலசினால் வேறுபாடு தெரியும்.

ஒன்றை மட்டும் எச்சரிக்கிறேன். கருப்பு மருதாணி என்ற பெயரில் விற்கப்படும் பொடிகள் பலவற்றில் பிபிடி என்னும் சாயப்பொருள் கலந்திருக்கிறது. அதனால் கடும் ஒவ்வாமை ஏற்படுவதுண்டு. கலப்பில்லாத மருதாணி செம்பழுப்பு நிறத்தைத்தான் தரும்.

பதில்: மயிலை மாடவீதி

சீயக்காயை நீங்களே வெயிலில் காயவைத்து அரைத்துக்கொள்ளுங்கள். ஒரு கிலோ சீயக்காய்க்குக் கால் கிலோ பச்சைப் பயறு, நூறு கிராம் வெந்தயம், நிழலில் உலர்த்திய செம்பருத்தி இலை, மணத்திற்குப் பூலாங்கிழங்கு ஆகியவை போதும். முடி மிகவும் வறண்டிருந்தால் சீயக்காயைப் பாதியாகக் குறைத்து, அரப்பு இலைப் பொடியைச் சேருங்கள். அது இன்னும் மென்மையாக அழுக்கை நீக்கும். மாவு மில்லில் சீயக்காய்க்கென்று தனி இயந்திரம் வைத்திருக்கிறார்களா என்று கேட்டுக் கொடுக்க வேண்டும். பொடியை வடித்த கஞ்சியில் குழைத்துத் தேயுங்கள். கண்ணில் பட்டால் கடுமையாக எரியும், ஆகவே தலையைப் பின்னால் சாய்த்து அலசுங்கள். மருத்துவர் சொன்ன ஷாம்புவைப் பொடுகு அடங்கும்வரை விட வேண்டாம். பொடி எங்கும் போய்விடாது, மூடி இறுக்கமான டப்பாவில் ஆண்டு முழுவதும் நன்றாகவே இருக்கும்.