ஊர் தொடக்கப்பள்ளியில் பையனைச் சேர்க்கலாமா?

பண்ருட்டிக்காரன்:
பையனை வருகிற ஜூனில் ஒன்றாம் வகுப்பில் போட வேண்டும். நான் படித்த ஒன்றியத் தொடக்கப்பள்ளி தெருக்கோடியில்தான் இருக்கிறது, ஆனால் இப்போது ஐந்து வகுப்புக்கும் சேர்த்து இரண்டே டீச்சர். தெருப் பிள்ளைகளில் பாதிப் பேர் ஏழரைக்கே மஞ்சள் வேன் ஏறிவிடுகிறார்கள். பத்தாம் வகுப்பில் நூறு சதவீதத் தேர்ச்சி என்று மெட்ரிக் பள்ளி பஸ் ஸ்டாண்டில் பேனர் கட்டியிருக்கிறது, அரசுப் பள்ளி எப்போதும் சில சதவீதம் பின்னால். வீட்டில் மெட்ரிக்தான் என்கிறார்கள், எனக்கு மனசு வரவில்லை. என்ன செய்யலாம்?

ஓய்வு பெற்ற வாத்தியார்:
தம்பி, அந்த பேனரை மட்டும் நம்பி முடிவெடுக்காதீர்கள். ஒன்பதாம் வகுப்பில் தேற மாட்டான் என்று தெரிந்த பிள்ளையின் அப்பாவைக் கூப்பிட்டு டிசி வாங்கிக்கொள்ளச் சொல்லும் பள்ளிகள் உண்டு. அந்தப் பிள்ளை ஜூனில் வந்து நிற்பது அரசுப் பள்ளி வாசலில், நாங்கள் யாரையும் திருப்பி அனுப்ப முடியாது, அவன் தோற்றால் எங்கள் கணக்கில்தான் சேரும்.

ஆசிரியர் கணக்கும் அப்படித்தான். ஆகஸ்ட் 1 அன்று பதிவேட்டில் எத்தனை பிள்ளைகள் என்று பார்ப்பார்கள். கல்வி உரிமைச் சட்டப்படி 60 பேர் வரை இரண்டு ஆசிரியர், 90 வரை மூன்று. பத்துப் பிள்ளைகள் வேன் ஏறினால் ஒருவர் உபரி, பணி நிரவலில் வேறு ஊர் போய்விடுவார். டீச்சர் இல்லை என்று அடுத்த வருடம் இன்னும் நாலு பேர் போவார்கள். இதைப் பார்த்துக்கொண்டே ஓய்வு பெற்றேன், இன்றும் ஆறவில்லை.

நெய்வேலி அம்மா:
என் மகள் இப்படி ஓர் ஈராசிரியர் பள்ளியில்தான் மூன்றாவது படிக்கிறாள். அரசின் ‘எண்ணும் எழுத்தும்’ திட்டம் வந்த பிறகு, பிள்ளை எவ்வளவு கற்றிருக்கிறது என்று பார்த்து அரும்பு, மொட்டு, மலர் என்று நிலை பிரித்து உட்கார வைக்கிறார்கள். எழுத்துக் கூட்டித் திணறியவள் இப்போது பஸ் போர்டை எல்லாம் சத்தமாகப் படிக்கிறாள். காலைச் சிற்றுண்டியும் அங்கேயே. ஆனால் ஒரு டீச்சர் பயிற்சிக்குப் போய்விட்டால் அன்று முழுக்க ஐந்து வகுப்பும் ஒரே அறையில்தான், அதையும் சொல்லிவிடுகிறேன்.

குமரன்_விழுப்புரம்:
அந்த ஒரே அறைக்குப் பயந்துதான் நான் தனியாரில் சேர்த்தேன். பிள்ளைக்கு ஒன்றாம் வகுப்பு ஒரு தடவைதான் வரும், பள்ளியைக் காப்பாற்றும் பாரத்தை அதன் தலையில் ஏற்ற முடியாது. ஆறாவதுக்கு அரசுப் பள்ளிக்கு மாற்றிவிடுவேன். ஆறு முதல் பன்னிரண்டு வரை அங்கே படித்தால்தான் மருத்துவத்தில் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு கிடைக்கும். 2020-ல் அந்தச் சட்டம் வந்ததிலிருந்து எங்கள் பக்கம் பலருக்கு இதே கணக்குதான்.

ஓய்வு பெற்ற வாத்தியார்:
குமரன் சார், உங்கள் பயம் நியாயமானது. ஆனால் எல்லோரும் ஆறாவதில்தான் வருவோம் என்றால் தொடக்கப்பள்ளி அதுவரை தாங்காது. அதே கல்வி உரிமைச் சட்டப்படி தனியார் பள்ளியின் தொடக்க வகுப்பில் 25 சதவீத இடத்துக்கு அரசே கட்டணம் கட்டி ஏழைப் பிள்ளைகளை அனுப்புவதும் சேர்ந்துகொள்கிறது. தம்பி, ஒரு வேலை நாளில் சொல்லாமல் பள்ளிக்குப் போய், தலைமையாசிரியரிடம் கேட்டுக்கொண்டு, மூன்றாம் வகுப்புப் பிள்ளையைப் பாடப்புத்தகத்தில் ஒரு பக்கம் படிக்கச் சொல்லிப் பாருங்கள். மெட்ரிக்கிலும் அதையே கேளுங்கள், விடுவார்களா பார்ப்போம்.

பண்ருட்டிக்காரன்:
நன்றி ஐயா, திங்கட்கிழமை போகிறேன். தெருவில் இன்னும் மூன்று வீட்டில் அதே வயதுப் பிள்ளைகள் இருக்கிறார்கள், அவர்களையும் கூட்டிப்போகப் பேசிப் பார்க்கிறேன்.