புதுப்பிப்பு: முடியாமல் ஓடும் கிரேடில் டாஸ்க்குக்கு டெஸ்ட்

கிரேடில் என்ற பில்ட் கருவியில், நிற்காமல் ஓடும் டெவ் சர்வர் டாஸ்க்கை (டெவலப்மென்ட் சர்வரைக் கிளப்பும் வேலையை) எப்படி டெஸ்ட் செய்வது என்று முன்பு கேட்டிருந்தேன். கிரேடில் பில்டுகளை டெஸ்ட் செய்ய உதவும் டெஸ்ட்கிட் லைப்ரரியின் ரன்னர், பில்ட் முடிந்த பிறகுதான் திரும்பி வரும். இந்த டாஸ்க்கோ முடியவே முடியாது.

இப்போது, வேறொரு ப்ரோகிராமிலிருந்து கிரேடிலை இயக்க உதவும் டூலிங் ஏபிஐக்கு மாறிவிட்டேன். பில்டைத் தொடங்கும் லாஞ்சருக்கு, அதை நடுவில் நிறுத்த உதவும் ஒரு கேன்சலேஷன் டோக்கன். லாஞ்சரின் ரன் மெத்தடுக்கு, முடிவைப் பிறகு வாங்கிக்கொள்ளும் ரிசல்ட் ஹேண்ட்லர் கொடுத்தால், பில்ட் முடியக் காத்திராமல் உடனே திரும்பிவிடுகிறது. அவுட்புட்டில் சர்வர் கிளம்பிய வரி வந்ததும் ஒரு ரிக்வெஸ்ட் அனுப்பி, 200 (எல்லாம் சரி என்ற HTTP பதில்) வருகிறதா என்று பார்த்துவிட்டு கேன்சல். அப்புறம் பில்ட் கேன்சல்டு எக்ஸெப்ஷன் (பில்ட் நிறுத்தப்பட்டது என்ற பிழை) வரும். பதற வேண்டாம், இங்கே அதுதான் பாஸ்.

ஸ்லீப் (குறிப்பிட்ட நேரம் சும்மா காத்திருப்பது) போடச் சொன்னவர்களுக்கு நன்றி, ஆனால் டெஸ்ட்களைத் தானாக ஓட்டும் சிஐ மெஷினில் சர்வர் கிளம்ப எவ்வளவு நேரமாகும் என்று தெரியாததால் அது சூதாட்டம். சர்வர் கிளம்பிய வரிக்குக் காத்திருக்க 60 விநாடி வரம்பு வைத்திருக்கிறேன். கேன்சலுக்குப் பின் சர்வரின் நெட்வொர்க் போர்ட் மூடியதா என்றும் பாருங்கள். டாஸ்க் தனி ப்ராசஸைக் கிளப்பியிருந்தால் அது அநாதையாக ஓடிக்கொண்டிருக்கலாம்.